ஹாலோ ஃபைபர் கார்ட்ரிட்ஜ்: ஓராண்டு ஓட்டிப் பார்த்ததில்

ஸ்டெம் செல் வளர்த்த மீடியத்திலிருந்து (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவம்) எக்ஸோசோம் பிரிப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரு தடவைக்கு 2 லிட்டர் மீடியம் சேரும். அதில் நான் தேடும் எக்ஸோசோம்கள், செல்கள் வெளியே விடும் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள, கொழுப்புச் சவ்வால் ஆன நுண்பைகள். கூடவே கரைந்த புரதமும் உடைந்த செல்களின் குப்பையும் ஏராளமாகக் கிடக்கும். ஓராண்டாக இந்த வேலைக்கு 500 கிலோடால்டன் ஹாலோ ஃபைபர் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சவ்வாலான மெல்லிய குழல்களைக் கட்டாக அடுக்கிய வடிகட்டி அது; டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு, துளையின் அளவை அதில்தான் சொல்வார்கள். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் அதிவேகமாகச் சுழற்றிப் படியவைக்கும் அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ்தான் கதி. எங்கள் ரோட்டரில் ஆறு குழாய். ஒரு சுற்றுக்கு 230 மி.லி. அளவில்தான் கொள்ளும். 2 லிட்டரை முடிக்க ஒன்பது சுற்று. ஒவ்வொன்றும் 1,00,000 ஜி விசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சுழல வேண்டும். கடைசியில் அடியில் படியும் வில்லையைக் கரைத்தால் நுண்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும். செல்களிடமிருந்து அவ்வளவு பக்குவமாக வந்த பொருளை அப்படி நசுக்குவதில் எனக்கு மனமே ஒப்பவில்லை.

சாதாரண ஃபில்டரில் திரவம் சவ்வை நேருக்கு நேர் முட்டும். உள்ளே போக முடியாதது மேலே படிந்து அடைத்துக்கொள்ளும். 0.22 மைக்ரான் ஃபில்டரை வைத்து எத்தனையோ முறை கை வலிக்க சிரிஞ்சை அழுத்தியிருக்கிறேன். ஹாலோ ஃபைபரில் திரவம் சவ்வை ஒட்டினாற்போல நீளவாக்கில் ஓடுகிறது. சிறியவை பக்கவாட்டுத் துளை வழியே கசிந்து வெளியேறும். பெரியவை ஓட்டத்தோடு சுற்றி மறுபடி பாட்டிலுக்கே வந்துசேரும். ஓடுகிற நீரே படிவதை அரித்துக்கொண்டு போவதால் அடைப்பு மெதுவாகத்தான் வரும்.

ஆனால் முன்தயாரிப்பில் கஞ்சத்தனம் கூடாது. செல்களையும் பெரிய துண்டுகளையும் குறைந்த வேகத்தில் சுழற்றி இறக்கிவிட்டு, 0.8 மைக்ரான் ஃபில்டரிலும் வடித்த பிறகுதான் கார்ட்ரிட்ஜுக்கு விட வேண்டும். புதுக் கார்ட்ரிட்ஜின் சவ்வு காயாமல் இருக்க கிளிசரின் பூசி வரும். அதை முழுக்கக் கழுவ வேண்டும். தொடங்கும்போது கசிவுக் குழாயைக் கிளிப் போட்டு மூடி, ஐந்து நிமிடம் சும்மா சுற்ற விட்டு, பிறகு மெல்லத் திறக்கிறேன். எடுத்ததும் திறந்துவிட்டால் முதல் சில நிமிடத்திலேயே சவ்வின் மேல் ஒரு படலம் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் அது எழுந்திருப்பதில்லை. அழுத்தமானியை 5 பிஎஸ்ஐக்கு மேல் நான் ஏற விடுவதில்லை.

கழுவும் கட்டத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் ஏமாந்த இடம் அது. 2 லிட்டர் சுண்டி 100 மி.லி. ஆனதும், வெளியேறும் அளவுக்குப் புது பஃபரை (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) ஊற்றிக்கொண்டே இருப்போம். மீடியத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் இருப்பதால் பாட்டிலில் இருக்கும் திரவம் நல்ல ரோஜா நிறத்தில் தொடங்கும். அரை மணியில் வெளிறி, கடைசியில் லேசான பால் மங்கல் மட்டும் மிஞ்சும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்த மங்கலில் ஒரு நீலச் சாயல் தெரியும். பார்க்க அவ்வளவு அழகு. "அக்கா, கலர் சுத்தமா போயிடுச்சு, நிறுத்திடலாமா?" என்றாள் ஜூனியர். நிறுத்தச் சொன்னது நான்தான். அன்றைய மாதிரியைப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டியபோது, நீங்கியிருக்க வேண்டிய ஆல்புமின் புரதத்தின் பட்டை தடித்துக் கிடந்தது.

ஃபீனால் ரெட் வெறும் 354 டால்டன்; சுலபமாக ஓடிப்போகும். ஆல்புமின் 66 கிலோடால்டன். 500 கிலோடால்டன் துளையில் அதுவும் தாராளமாகப் போக வேண்டியதுதான். ஆனால் சவ்வின் மேல் உருவாகும் படலம் அதை மறிக்கிறது. தடையின்றிப் போகும் பொருள் என்றால், பாட்டிலில் உள்ள திரவத்தைப் போல ஐந்து மடங்கு பஃபரில் 99 சதவீதத்துக்கு மேல் நீங்கிவிடும். பாதி மறிக்கப்பட்டால் அதே ஐந்து மடங்குக்குப் பிறகும் 8 சதவீதம் உள்ளேயே நிற்கும். இப்போது நிறத்தை நம்புவதே இல்லை. கசிந்து வரும் திரவம் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து (புரதம் இருந்தால் அது கூடும்), அது பஃபரின் அளவுக்கு இறங்கிய பிறகே நிறுத்துகிறேன். பெரும்பாலும் எட்டு மடங்காவது தேவைப்படுகிறது.

அடுத்த குறை, சவ்வில் ஒட்டிக்கொள்வது. விற்க வந்தவர் எல்லாத் துகளும் பாட்டிலிலேயே திரும்பக் கிடைக்கும் என்று அடித்துச் சொன்னார். கிடைக்கவில்லை. ஒருநாள் சந்தேகப்பட்டு, வேலை முடிந்த கார்ட்ரிட்ஜில் கசிவுக் குழாயை மூடிவிட்டுப் புது பஃபரைப் பத்து நிமிடம் மெதுவாகச் சுற்ற விட்டு, அதை எண்ணிப் பார்த்தேன். அலட்சியப்படுத்த முடியாத அளவுக்குத் துகள்கள் அதில் இருந்தன. இத்தனை நாளும் அவற்றைச் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன் என்று நினைத்து அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அந்தக் கழுவலை இப்போது ஒவ்வொரு முறையும் சேர்த்தே எடுக்கிறேன்.

தரத்தைப் பொறுத்தவரை, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கட்டி தட்டாத தனித்தனி நுண்பைகள் தெரிகின்றன. எக்ஸோசோமின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81 இரண்டும் பிளாட்டில் (புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) தெளிவாக வருகின்றன, செல் குப்பையைக் காட்டிக்கொடுக்கும் கால்நெக்சின் வருவதில்லை. ஆனாலும் இது அளவை மட்டும் பார்த்துப் பிரிக்கும் கருவி. சீரம் சேர்த்து வளர்த்தால் மாட்டுச் சீரத்தின் நுண்பைகளும் அப்படியே தங்கிவிடும். புரதத் திரள்களும் தங்கும், துகள் எண்ணும் கருவி அவற்றையும் கணக்கில் சேர்த்துவிடும். அதனால் கடைசியில் செஃபரோஸ் மணிகள் நிரப்பிய ஒரு காலமில் (பிரிப்புக் குழாய்) இறக்கி, மிஞ்சிய புரதத்தைக் குறைத்துவிட்டுத்தான் நான் மேற்கொண்டு போகிறேன். அந்த ஒரு படியை விட்டுவிட்டு ‘சுத்தமான எக்ஸோசோம்’ என்று எழுதாதீர்கள், தயவுசெய்து.

100 மி.லி.க்கும் குறைவாகக் கையாள்பவர்களுக்கு இது வேண்டாம். குழாய்களிலேயே கணிசமான திரவம் தங்கிப்போகும். உங்களுக்குச் சென்ட்ரிஃபியூஜில் வைக்கும் சின்ன ஃபில்டரே போதும். ரீஜெனரேட்டட் செல்லுலோஸ் சவ்வாகப் பார்த்து வாங்குங்கள், ஒட்டுவது குறைவு. நானும் கடைசிச் சுண்டலுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். வறண்டு போகும்வரை மட்டும் சுழற்றாதீர்கள். சிறுநீர் மாதிரி எடுப்பவர்களுக்கு எந்தச் சவ்வானாலும் தலைவலிதான். அதிலுள்ள யூரோமாடுலின் என்ற புரதம் வலை பின்னி அடைத்துவிடும், முதலில் அதைக் கவனித்தாக வேண்டும்.

லிட்டர் கணக்கில் மீடியம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். இரண்டு நாள் வேலை எனக்கு ஒரு முற்பகலில் முடிகிறது. ஒவ்வொரு முறையும் கழுவிய பின் வெறும் தண்ணீர் எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்று குறித்து வையுங்கள். என் கார்ட்ரிட்ஜில் அந்த வேகம் முதல் நாளைவிடப் பாதியாகிவிட்டது, சோடியம் ஹைட்ராக்சைடு விட்டும் மீளவில்லை. அடுத்ததற்குச் சொல்லியாயிற்று. அதே துளை அளவுதான், சவ்வின் பரப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. ஒட்டிப் போவது அதற்கேற்பக் குறைகிறதா என்று எண்ணிப் பார்க்கப் போகிறேன்.