வேலூரில் ஒரு தீவனப் பரிசோதனைச் சேவை: செரிமான விழுக்காட்டை எவ்வளவு நம்பலாம்?

வேலூரில் இயங்கும் ஒரு தனியார் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் எங்கள் பண்ணையின் நெல் வைக்கோல், கோ-4 தீவனப்புல், மல்லாட்டை (நிலக்கடலை)க் கொடி ஆகிய மூன்றையும் கொடுத்துப் பெற்ற அறிக்கையின் அடிப்படையில் இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது மாதிரி எடுத்த முறை. வந்த ஊழியர் வைக்கோல் போரின் மேலிருந்து ஒரு பிடியை உருவிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. போரின் நாலா பக்கத்திலும் வெவ்வேறு உயரங்களில் கையை உள்ளே விட்டு எடுத்து, தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நான்கு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே திரும்பச் செய்து, மிஞ்சியதைத்தான் உறையில் இட்டார். பசும்புல்லை வயலிலேயே எடைபோட்டார்; போகும் வழியில் ஈரம் வற்றினால் உலர்பொருள் (ஈரம் நீக்கிய எடை) கணக்கு கெட்டுவிடும் என்பதால் இது முக்கியம்.

அறிக்கையின் முதல் பக்கமும் ஒழுங்காகவே இருந்தது. உலர்பொருள், கச்சாப் புரதம், சாம்பல், நார் அளவுகளான என்.டி.எஃப். (நடுநிலைச் சலவைக் கரைசலில் கரையாத நார்), ஏ.டி.எஃப். (அமிலச் சலவைக் கரைசலில் கரையாத நார்) ஆகியவற்றை ஈரத்தோடு ஒரு பத்தியிலும் ஈரம் நீக்கி மற்றொரு பத்தியிலும் தந்திருந்தார்கள். பச்சைப்புல்லையும் வைக்கோலையும் ஒப்பிட இரண்டாம் பத்தியே உதவும்.

சிக்கல் இரண்டாம் பக்கத்தில் தொடங்குகிறது. தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு ‘செரிமானத் திறன்’ என்று ஒரு விழுக்காட்டை அங்கே அச்சிட்டிருந்தார்கள். வைக்கோலுக்கு ஏ.டி.எஃப். 52, செரிமானம் 48.4. ஏ.டி.எஃப். அளவை 0.779-ஆல் பெருக்கி 88.9-இலிருந்து கழித்துப் பாருங்கள், அதே 48.4 வரும். மற்ற இரண்டு தீவனங்களுக்கும் போட்டுப் பார்த்தேன், தசமம்கூடப் பிசகவில்லை. அமிலச் சலவைக் கரைசலில் கரையாமல் மிஞ்சும் நாரை மட்டும் அளந்துவிட்டு, செரிமானத்தைச் சூத்திரத்திலிருந்து வருவித்திருக்கிறார்கள். சூத்திரம் தவறானதல்ல, உலகெங்கும் புழங்குவதுதான். ஆனால் அது குதிரைமசால் போன்ற உலர்தீவனங்களுக்குப் பொருந்தும் அளவுக்கு நெல் வைக்கோலுக்குப் பொருந்தாது. மற்றத் தானியத் தாள்களை நோக்க நெல் வைக்கோலில் லிக்னின் (தண்டை விறைக்கச் செய்யும், செரிக்காத பொருள்) குறைவு, சிலிக்கா (மணலில் உள்ள தாது) மிகுதி. செரிமானத்தைத் தடுப்பதில் அந்தச் சிலிக்காவுக்குத் தனிப் பங்கு உண்டு. கணக்கிட்டு எழுதியதைக் ‘கணிப்பு’ என்று குறிப்பிடாமல் விட்டதே என் முதன்மையான குறை.

உண்மையில் அளப்பது என்றால் மாட்டை வைத்து அளக்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாள் வரை ஒரே தீவனத்துக்குப் பழக்கி, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை போட்ட தீவனம், தின்னாமல் விட்ட மிச்சம், விழுந்த சாணம் அனைத்தையும் எடைபோட்டு, தின்ற உலர்பொருளில் சாணத்தில் வெளியேறாத பங்கைக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யும்படி ஒரு வணிகக் கூடத்தை யாரும் கேட்க முடியாது. ஆனால் 1963-இல் டில்லி, டெர்ரி என்ற ஆய்வாளர்கள் வகுத்த இரண்டு கட்டச் சோதனை இருக்கிறது: மாதிரியை அசைபோடும் மாட்டின் முதல் வயிற்று நீரில் 48 மணி நேரமும் பெப்சின் என்ற செரிமான நொதி கலந்த அமிலத்தில் 48 மணி நேரமும் ஊறவைத்து எஞ்சியதை எடைபோடுவது. 1979-இல் மென்கே குழுவினர் வெளியிட்ட, வயிற்று நீரில் தீவனம் நொதிக்கும்போது வெளிவரும் வாயுவை அளக்கும் முறையோ இன்னும் எளிது. வயிற்றில் துளையிட்ட மாட்டைப் பராமரிக்க இயலாத கூடங்கள் இறைச்சிக்கூடத்திலிருந்து வயிற்று நீரை வெந்நீர்க் குடுவையில் காற்றுப் புகாமல், 39 டிகிரி வெப்பம் குறையாமல் கொண்டுவந்து பயன்படுத்தலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த பழைய வட ஆற்காட்டில் இறைச்சிக்கூடத்துக்கா பஞ்சம்?

அதுவும் வேண்டாம் என்றால், அமிலத்தில் கரையாத சாம்பலைக் கொண்டு மதிப்பிடும் வழி உண்டு. அந்தச் சாம்பல் ஏறத்தாழ முழுவதும் செரிக்காமல் சாணத்தோடு வந்துவிடும். மாடு தின்ற தீவனத்தின் உலர்பொருளில் அது 4 விழுக்காடாகவும், சாணத்தின் உலர்பொருளில் 10 விழுக்காடாகவும் இருந்தால், செரித்தது 60 விழுக்காடு. தீவனத்திலும் சாணத்திலும் மண் ஒட்டக் கூடாது, சில நாட்கள் காலையும் மாலையும் சாணம் எடுத்துக் கலக்க வேண்டும், தொல்லை அவ்வளவே. சாம்பல் உலை இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டதற்கு, “சாணமெல்லாம் யாருங்க கொண்டு வருவாங்க, ஒரு நம்பர் இருந்தா போதும்ங்கறாங்க” என்றார் பொறுப்பாளர். சாணம் அள்ளுவதையே நாள்தோறும் செய்யும் நம்மைப் பற்றி இப்படி ஒரு கணிப்பு!

புரத வரியிலும் கொஞ்சம் விழிப்பு தேவை. கச்சாப் புரதம் என்பது தழைச்சத்தை 6.25-ஆல் பெருக்கி வருவது. யூரியா கலந்த அடர்தீவனமும், அதிகச் சூட்டில் கருகிய புண்ணாக்கும் அதில் நன்றாகவே தேறிவிடும். கருகியதில் ஒரு பகுதி மாட்டுக்குச் செரிக்காது என்பதை அந்த எண் காட்டாது. இது கூடத்தின் குறையன்று.

லாரிக் கணக்கில் வைக்கோலோ புண்ணாக்கோ வாங்குபவர்கள் இந்தச் சேவையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஒரே கோ-4 புல்லை 45 நாளில் அறுத்ததற்கும் முற்றவிட்டு அறுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறியவும் நார் அளவுகளே போதும். ஓரிரு மாடு வைத்திருப்பவர்கள் சாணத்தைச் சல்லடையில் இட்டு நீரூற்றி அலசி, முழுச் சோளமும் நீண்ட நாரும் எவ்வளவு தங்குகின்றன என்று பார்த்தாலே பாதி செய்தி கிடைத்துவிடும். கூடத்துக்குப் போகிறவர்கள் மாதிரியைக் கொடுக்கும்போதே இரண்டாம் பக்கம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட்டணத்தில் அதைக் கழித்துக்கொள்கிறார்கள்.