ஒரு வகுப்பில் பதினொரே பிள்ளைகள் என்று சொன்னார்கள்

ஃபீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர், கில்பர்ட் வட்டாரத்தில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். அடுத்த வருடச் சேர்க்கை தொடங்கிவிட்டது. போன வருடம் இதே நாட்களில் நானும் என் வீட்டுக்காரரும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஒரு சின்ன சார்ட்டர் பள்ளியில்தான் ஏமாந்தோம். பெயர் சொல்லப்போவதில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். பள்ளியை எப்படிப் பார்க்கத் தவறினோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது, கட்டணம் வாங்கக் கூடாது. நடத்துவது மட்டும் மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஒரு தனி அமைப்பு. அரிசோனாவில் இதற்கான சட்டம் 1994இல் வந்தது. முதல் ஒப்பந்தமே 15 வருடத்துக்கு. இன்று மாநிலத்தில் 500க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பெரிய சார்ட்டர் ஒன்றில் கணக்கில் பின்னி எடுக்கிறாள்.

எங்கள் கதை வேறு. மகனுக்கு ஏழு வயது. 'ர' வராது. ரயில் என்றால் "யயில்" என்பான். டிஸ்ட்ரிக்ட் பள்ளியில், அதாவது எங்கள் வட்டாரத்து வழக்கமான அரசுப் பள்ளியில், அவனுக்கு ஐ.இ.பி. (அவனுக்கென்றே எழுதிய சிறப்புக் கல்வித் திட்டம்) போட்டு, வாரத்துக்கு 60 நிமிடம் ஸ்பீச் தெரபி கொடுத்து வந்தார்கள். ஆனால் வகுப்பில் 27 பிள்ளைகள். வீட்டில் வாய் ஓயாதவன் அங்கே போனால் ஊமை. அந்த நேரத்தில்தான் 'ஒரு வகுப்பில் பதினொரே பிள்ளைகள்' என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

கடைவரிசை ஒன்றில், பல் டாக்டருக்கும் டயர் கடைக்கும் நடுவில் அந்தப் பள்ளி. நுழைந்ததும் ஒரு மீன் தொட்டி. பிரின்சிபால் அம்மா மண்டியிட்டு, மகனின் உயரத்துக்குக் குனிந்து, "இதில் உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். இவன் ஒரு நிமிடம் யோசித்து, ஆரஞ்சு மீன் ஒன்றைக் காட்டி ஏதோ சொன்னான். அவர் பொறுமையாகக் காத்திருந்து கேட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் என்ன கேள்வி கேட்பேன்? தெரபி உண்டா என்று கேட்டோம், "கண்டிப்பாக" என்றார். ரிசல்ட் எப்படி என்று கேட்டோம், 90 சதவீதம் என்றார். அன்று சாயங்காலமே விண்ணப்பம் போட்டோம்.

அந்த 90 சதவீதத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. முடிவுகளைக் கல்வித் துறையே இணையத்தில் போடுகிறது. பின்னால் போய்த் தேடினால், இந்தப் பள்ளியின் வரிசையில் எண்ணே இல்லை, நட்சத்திரக் குறி. எழுதிய பிள்ளைகள் மிகக் குறைவாக இருந்தால், எந்தப் பிள்ளை என்று தெரிந்துவிடக் கூடாதென்று மறைத்துவிடுவார்கள். ஆகவே அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து யாரும் சரிபார்க்க முடியாது.

ஜூலைக் கடைசியில் பள்ளி திறந்தது. தெரபிஸ்ட் "அடுத்த வாரம்" வருவார் என்றார்கள். ஆகஸ்ட் முழுவதும் அடுத்த வாரமாகவே போயிற்று. செப்டம்பரில், லேப்டாப் வழியாகத் தெரபி என்றார்கள். சரி, அதுவாவது நடக்கட்டும் என்றிருந்தோம். ஒருநாள் அவனைச் சீக்கிரம் அழைத்துப்போகப் போனபோதுதான் பார்த்தேன். பிரின்டர் காகிதக் கட்டுகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. ஒரு கட்டின் மேல் லேப்டாப், காதை மூடிய பெரிய ஹெட்போனுடன் என் பிள்ளை. திரையில் இருந்தவர் எங்கோ வேறு மாநிலத்திலிருந்து "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இவன் தலையை ஆட்டுகிறான். ஹெட்போனின் ஒயர் லேப்டாப்பில் செருகப்படவே இல்லை. அறையில் பெரியவர் ஒருவரும் இல்லை.

அக்டோபர் விடுமுறை முடிந்து போனால் இரண்டாம் வகுப்பு டீச்சர் இல்லை. வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாராம். பெரிய பள்ளியில் ஒரு டீச்சர் போனால் அதே வகுப்புக்கு இன்னும் மூன்று பேர் இருப்பார்கள். இங்கே இருந்ததே ஒருவர். இரண்டையும் மூன்றையும் சேர்த்து 23 பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். முன்வாசல் மேசையில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி டீச்சர் ஆனார். நல்ல மனுஷி, அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பாடம் நடத்திப் பழக்கம் இல்லாதவர். அரிசோனா சார்ட்டர்களில் ஸ்பெஷல் எஜுகேஷன் தவிர மற்ற ஆசிரியர்களுக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இதில் எனக்கு ஆத்திரம் என் மேலேயேதான். பாடம் நடத்துபவர்களின் படிப்பும் அனுபவமும் அடங்கிய ரெஸ்யூமேயைச் சார்ட்டர் பள்ளி கோப்பில் வைத்திருக்க வேண்டும், பெற்றோர் கேட்டால் காட்ட வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. ஐ.டி.யில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆறு ரவுண்டு வைக்கிற வீட்டுக்காரர், பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருபவரின் ஒரு பக்க ரெஸ்யூமேயைக் கேட்கவில்லை. நானும்தான். டூர் போகும்போதே கேளுங்கள். இப்போதிருக்கும் டீச்சர்களில் எத்தனை பேர் மூன்று வருடமாக இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

ஜனவரி மூன்றாவது வாரம் பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டார். அதே கனிவான குரல். "உங்கள் மகனுக்கு இந்த இடம் ஒத்துவருமா என்று யோசிக்கிறோம்" என்றார். அரிசோனாவில் ஒரு பள்ளிக்கு வரும் பணம், முதல் 100 நாளில் பதிவில் இருந்த பிள்ளைகளின் சராசரி எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. எங்கள் காலண்டரை எண்ணிப் பார்த்தேன். நூறாவது நாள் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் தலைகுனிந்து வெளியே வந்துவிடுகிறார்கள். சார்ட்டரும் பொதுப்பள்ளிதான். ஐ.இ.பி.யில் எழுதியிருப்பதைக் கொடுப்பது சலுகை இல்லை, மத்தியச் சட்டப்படி கடமை. "எங்களிடம் ஆள் இல்லை" என்பது காரணம் ஆகாது. நான் தெரபி நடந்த பதிவேட்டை எழுத்தில் கேட்டேன். இரண்டு மின்னஞ்சலுக்கு அப்புறம் வந்தது: 20 பள்ளி வாரங்களில் ஆறு முறை, முறைக்கு 25 நிமிடம். அதில் ஒன்று ஒயர் செருகாத அந்த நாள்.

அந்தத் தாளை இணைத்து மாநிலக் கல்வித் துறைக்குப் புகார் எழுதினேன். வக்கீல் தேவைப்படவில்லை, செலவும் இல்லை. நடந்து ஒரு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், அவர்கள் 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பள்ளி தவறியது என்று முடிவு வந்தது. விட்டுப்போன பதினேழரை மணி நேரத்தைப் பள்ளி தன் செலவில் ஈடுசெய்ய வேண்டும் என்றார்கள். இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் அது நடந்துகொண்டிருக்கிறது.

புகார் எழுதிய நாட்களில்தான் பள்ளியின் கணக்குத் தணிக்கை அறிக்கையைப் படித்தேன். இது முன்பே கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சார்ட்டர்களைக் கண்காணிக்கும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் படிப்பு, பணநிலை, நிர்வாகம் மூன்றையும் பற்றிய மதிப்பீடு கிடக்கிறது. தணிக்கை அறிக்கையில் எண்களைவிடக் கடைசிப் பக்கக் குறிப்புகளைப் படியுங்கள். எங்கள் பள்ளியின் கட்டடம் பிரின்சிபாலின் கணவர் கம்பெனிக்குச் சொந்தம். வாடகை பள்ளியிலிருந்து போகிறது. பள்ளியின் நிர்வாகக் குழுவில் மூன்றே பேர், அதில் இருவர் அவர்கள்தான். இது சட்டத்துக்கு விரோதம் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் தெரபிஸ்ட் வரவில்லை என்று நான் யாரிடம் போய் முறையிட்டிருப்பேன்?

குழுக் கூட்டங்கள் பொதுக்கூட்டச் சட்டத்துக்குள் வருபவை. நாம் போய் உட்காரலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தால், மீன் தொட்டியைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

மகனை டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கே திருப்பிக் கொண்டுபோனோம். நடுவருடம் என்று முகம் சுளிப்பார்களோ என்று பயந்தேன். நம் எல்லைக்குட்பட்ட பள்ளி, முகவரிச் சான்று காட்டியதும் இரண்டே நாளில் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் இப்போது 28 பேர். இவன் இன்னமும் அங்கே அதிகம் பேசுவதில்லை. அந்தக் கவலை தீரவில்லை, தீர்ந்தது போல எழுத மாட்டேன்.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு தங்கை பள்ளி விளம்பரம் ஒன்றைப் போட்டு, "யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். படத்தில் அதே மீன் தொட்டி. கீழே 'ஒரு வகுப்பில் பதினொரே பிள்ளைகள்'. அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இவ்வளவு நீளமாகிவிட்டது.