வேலூர்க் கோட்டை: பண்டிகை விடுமுறையில் மகால்களும் ஒரு சதுரங்கப் பலகையும்

மார்கழியில் கோட்டைக்குள் அலங்காரம் இரண்டு இடத்தில் உண்டு. விடியற்காலையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் கோலம். பொழுது சாய்ந்தால் 1846-இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் விளக்குகள். அரசு அருங்காட்சியகத்தில் தோரணத்தை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே போவது பொருட்களுக்காக.

வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது நாள் கணக்கில்தான். வெள்ளிக்கிழமை, இரண்டாம் சனிக்கிழமை, தேசிய விடுமுறை நாட்களில் அருங்காட்சியகம் பூட்டு. குடியரசு தினத்தன்று குழந்தைகளைக் கூட்டிவந்தால் அகழியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மற்ற நாட்களில் காலை 9.30-க்குத் திறப்பார்கள். அதற்கு முன் கோயிலை முடித்துவிடுங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்காலை வைக்கவும் முடியாது. கல்யாண மண்டபத்தில் யாளித் தூண்களோடு நின்றுவிடாமல் விதானத்தையும் அண்ணாந்து பாருங்கள். தாமரையைச் சுற்றிக் கிளிகள். சில நூற்றாண்டுகள் பூசையின்றிக் கிடந்த கோயில் இது. 1981-இல்தான் மீண்டும் வழிபாடு தொடங்கியது.

அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். பிடியின் முனையில் இரண்டு கொம்புகள் விரியும் வெண்கல வாளைத் தவறவிடக் கூடாது, கி.மு. 400 வாக்கிலானது, வேலூர் வட்டாரத்திலேயே கிடைத்தது. பதப்படுத்திய விலங்குகளை வேகமாகக் கடந்தாலும் நட்டமில்லை. நின்று பார்க்க வேண்டியது தந்தத்தாலான சதுரங்கப் பலகை. இலங்கையில் இருந்த கண்டி அரசின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கன் பயன்படுத்தியது. 1816-இல் இங்கே கொண்டுவரப்பட்டு, 1832-இல் இறக்கும்வரை சிறையிருந்தார். சதுரங்கத்தில் ராஜா சிக்கினால் ஆட்டம் முடிந்துவிடும். இவருக்கு அதன்பிறகும் 16 வருடம்.

அவர் பெயரில் கண்டி மகால் இருக்கிறது. திப்பு மகால், ஐதர் மகாலில் எல்லா அறைகளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நெடுங்காலம் அரசுப் பயன்பாட்டில் இருந்த கட்டடங்கள். வெளியிலிருந்து பார்த்தாலும் கதை தெரிந்தால் போதும். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தை ஆங்கிலேயர் இந்தக் கோட்டையில்தான் காவலில் வைத்தார்கள். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். புதுத் தலைப்பாகைக்கும் திருநீறு, தாடித் தடைக்கும் குமுறிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படையின் இந்தியச் சிப்பாய்கள், கல்யாணக் கூட்டத்தின் மறைவில் திரண்டு மறுநாள் விடியுமுன் கிளர்ந்தெழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அந்தக் கிளர்ச்சியை அடக்கிவிட்டது.

காட்பாடியில் இறங்கினால் பழைய பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ் போதும்; கோட்டை அருகிலேயே இருக்கிறது. காணும் பொங்கலன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஊரே சோற்று மூட்டையோடு புல்வெளியில் இருக்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் கண்காட்சி பார்க்க வந்தவர்களுக்கு அல்ல. நேரம் மிஞ்சினால் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். சதுரங்கம் ஆடிய மன்னரின் சமாதி அங்கேதான்.