சைக்கிள் டயர் மாற்றக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் என் சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்ற 3,400 ரூபாய் கொடுத்தேன். பதினோராம் நாள் காலையில் பின் டயர் வெடித்தது. மதுரையில் தேனி ரோட்டில், பக்கத்தில் பஸ் வந்துகொண்டிருந்த நேரம். விழாமல் தப்பியது கடவுள் புண்ணியம். புகார் இன்னும் முடியவில்லை என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முழுதாக எழுதுகிறேன். இதே தந்திரம் எந்த ஊரிலும் நடக்கலாம்.

வாரம் மூன்று நாள் காளவாசலிலிருந்து அச்சம்பத்து வழியாக நாகமலைப் புதுக்கோட்டை வரை தார் ரோட்டில் போவேன். அங்கிருந்து கீழக்குயில்குடிப் பக்கம் திரும்பி, சமணர் மலை அடிவாரத்து மண்பாதையிலும் கண்மாய்க் கரையிலும் சுற்றிவிட்டுத் திரும்புவேன். முக்கால்வாசி தார், கால்வாசி சரளையும் மண்ணும். வழியெல்லாம் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் கிடக்கும்.

இந்த மாதிரி ஓட்டத்துக்கு என்ன டயர் வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரியும். நடுவில் வழவழப்பாக, ஓரங்களில் மட்டும் சின்னப் பட்டன், அதாவது ரப்பர் மேடுகள், இருக்க வேண்டும். நேராகப் போகும்போது நடுப்பகுதிதான் தார் ரோட்டைத் தொடும், அதனால் மிதிக்கிற பலம் வீணாகாது. மண்ணில் டயர் கொஞ்சம் புதையும்போதும் திருப்பத்தில் சாயும்போதும் ஓரப் பட்டன் பிடித்துக்கொள்ளும். அகலம் 38 மில்லிமீட்டர். முள்ளுக்காக உள்ளே ஒரு பாதுகாப்புப் பட்டை. இதைத்தான் கேட்டேன்.

கடைக்காரர், "சார், மழைக்காலம் வருது. முழுப் பட்டன் இருந்தாத்தான் தார் ரோட்ல வழுக்காது" என்றார். இது தவறு. காரின் அகலமான டயருக்கு அடியில் தண்ணீர் தேங்கி வழுக்கும், அங்கே கோடுகள் தேவை. சைக்கிள் டயர் ரோட்டைத் தொடும் இடம் மிகக் குறுகியது, வேகமும் குறைவு. தண்ணீர் தானாகவே விலகிவிடும். ஈரத் தாரில் வழவழப்பான ரப்பர்தான் நன்றாகப் பிடிக்கும், உயரமான பட்டன் திருப்பத்தில் வளைந்து நழுவும். இதைச் சொன்னேன். "சரி சார், நீங்க கேட்டதையே போடுறேன், சாயங்காலம் வாங்க" என்றார். பில் கேட்டதற்கு, "பில் போட்டா விலை கூடும்" என்றார். நான் விட்டுவிட்டேன். பழைய டயர்களை எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் போனபோது அவையும் இல்லை.

வண்டியை எடுக்கும்போது இருட்டிவிட்டது. டயர் கரேலென்று மின்னியது. கையை வைத்துப் பார்த்தபோது உயரமான பட்டன் தட்டுப்பட்டது. கேட்டதற்கு, "இதுதான் சார் புது மாடல், ஓட்டிப் பாருங்க" என்றார். கடைவாசலிலேயே நின்று மறுத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை காளவாசல் சிக்னலில் பிரேக் பிடித்தேன். பின் சக்கரம் நிற்கவே இல்லை. என் வண்டியில் ரிம்மைக் கவ்வும் கட்டை பிரேக். டயரைப் பளபளப்பாக்கப் பூசிய பாலிஷ் ரிம்மிலும் பட்டிருந்தது. ரிம்மில் எண்ணெய்ப் பசை பட்டால் பிரேக் கட்டை வழுக்கத்தான் செய்யும். வீட்டுக்குத் திரும்பி, ரிம்மை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, கட்டையை உப்புத்தாளில் தேய்த்த பிறகுதான் பிரேக் பிடித்தது. மற்ற எல்லாவற்றையும்கூட மன்னிக்கலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு டயரைப் புதிதாகக் காட்டுவதற்காக ஒருவருடைய பிரேக்கைக் கெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

டயர் கல் மாதிரி இருக்கிறதே என்று வீட்டுப் பம்பை மாட்டிப் பார்த்தேன். மீட்டர் 78 காட்டியது. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்தம் அதிகபட்சம் 60 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கிறது. கம்ப்ரசரில் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்கிறார்கள். அதை 50-க்குக் குறைத்தேன்.

அடுத்த பத்து நாளில் நான்கு பஞ்சர், நான்கும் நெருஞ்சி முள். பாதுகாப்புப் பட்டை எதுவும் உள்ளே இல்லை. மண்பாதையில் சின்னச் சரளை டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே சிக்கி, பெயிண்டைச் சுரண்டிவிட்டது. அப்புறம் பதினோராம் நாள், பக்கவாட்டில் ஓர் அங்குலம் பிளந்து டியூப் வெளியே பிதுங்கி வெடித்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

டயரைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. முன் டயர் புதுசு. டயரை வார்க்கும் அச்சிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் முடிகள் அதில் அப்படியே இருந்தன. பின் டயரில் ஒரு முடிகூட இல்லை, நடுப் பட்டன்களின் விளிம்பும் மழுங்கியிருந்தது. பத்து நாளில் அவ்வளவு தேயாது. யாரோ ஓட்டிய டயர் அது. பாலிஷைத் துடைத்தால் பக்கவாட்டு முழுவதும் தலைமுடி போல விரிசல். பல காலம் வெயிலில் கிடந்த ரப்பர் அப்படித்தான் வெடிக்கும். இரண்டு டயரிலும் இருந்த எண் 47-622. நான் கேட்டது 38-622.

அந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் இன்ச் கணக்கில் பேசினால் குழப்பம்தான். '28 இன்ச்' என்று சொன்னால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஹைப்ரிட் வண்டியின் 622-ஆகவும் இருக்கலாம், பழைய பெரிய சைக்கிளின் 635-ஆகவும் இருக்கலாம். '26 இன்ச்' அதைவிட மோசம், மலை சைக்கிளுக்கு 559, சாதாரண சைக்கிளுக்கு 590. பெயர் ஒன்று, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. '29' என்று விற்கும் மலை சைக்கிள் டயரோ அதே 622. அதனால் ரிம்மில் ஏறிவிட்டது என்பதற்காகப் பொருந்திவிட்டது என்று நினைக்கக் கூடாது. என் வண்டியில் ஏறியது, ஆனால் ஃப்ரேமுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை. பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டராவது வேண்டும்.

கடைக்குப் போனேன். "ஓட்டின டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம். பில் இருக்கா?" என்று கேட்டார். பில் தராததே அவர்தான்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் கொடுக்காமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிட்டு, ஜிபே செய்த ரசீது, டயரின் படங்கள், அந்த எண் தெரியும் படம் எல்லாம் கொடுத்துப் புகாரைப் பதிவு செய்தேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

நீங்கள் போகும்போது பகலில் போங்கள். டயரை மாட்டுவதற்கு முன் கையில் வாங்கி எண்ணைப் படியுங்கள், பக்கவாட்டை மடக்கி விரிசல் பாருங்கள், ரப்பர் முடி இருக்கிறதா என்று பாருங்கள். மின்னுகிற டயரை ஈரத்துணியால் ஒரு துடை துடையுங்கள். மாட்டும்வரை அங்கேயே நில்லுங்கள். பழைய டயரைக் கையோடு வாங்கி வாருங்கள். பில் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

புகார் போன மூன்றாம் நாள் கடையிலிருந்து போன் வந்தது. பின் டயருக்கு மட்டும் பணம் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். இரண்டுக்கும் பணம், என் பழைய டயர்கள் அல்லது அவற்றின் விலை, இவை வராமல் வாபஸ் இல்லை என்று சொல்லிவிட்டேன். வெடித்த டயர் என் வீட்டில்தான் இருக்கிறது. மதுரையில் டயர் வாங்கப் போகிறவர்கள் யாராவது அந்த விரிசலை நேரில் பார்க்க விரும்பினால் காட்டுகிறேன்.