ஹவ் டு நேம் இட்: பல வருடம் கேட்ட பிறகு

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் 1986இல் வந்தது. கேசட் காலத்திலிருந்து இன்றைய ஹெட்போன் வரை விடாமல் கேட்டு வருகிறேன், இன்னும் அலுக்கவில்லை. முழுக்க வாத்திய இசை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை ஜே.எஸ். பாக் (Bach) அவர்களுக்கும் சமர்ப்பணம். பிரதான வயலின் வி.எஸ். நரசிம்மன்.

ஆரம்பத்தில் காது அந்த வயலின் பின்னாலேயே போனது. கீழே ஓடும் மற்றத் தந்தி வாத்தியங்களைத் தனியாகப் பிடிக்கப் பல வருடம் ஆனது. 'மேட் மாட் மூட் ஃப்யூக்' கேளுங்கள். ஃப்யூக் என்ற மேற்கத்திய வடிவத்தில் ஒவ்வொரு வாத்திய வரியையும் 'குரல்' என்பார்கள்; ஒரு குரல் தொடங்கிய மெட்டை இன்னொரு குரல் வாங்கிக்கொள்கிறது. முதல் குரல் அதற்குள் வேறு வழியில் போய்விடுகிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு குரலைப் பின்தொடரலாம். கேசட்டில் இதெல்லாம் மங்கலாகத்தான் கேட்கும். நல்ல ஹெட்போன் வாங்கிய பிறகு பாதி ஆல்பம் புதிதாகக் கிடைத்தது போல இருந்தது.

எனக்கு உச்சம் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டீட்டா என்ற பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்க, நம்மூர் கமகங்களோடு இன்னொரு வயலின் வந்து சேர்கிறது. இரண்டும் தன் குணத்தை விடுவதில்லை, உரசலும் இல்லை. அடுத்து வரும் 'அண்ட் வீ ஹாட் எ டாக்' அதன் தொடர்ச்சிதான். தயவுசெய்து இவற்றை ஷஃபிளில் போட்டுப் பிரிக்காதீர்கள்.

குறை என்றால், சில இடங்களில் தாள ஒலியில் எண்பதுகளின் வாடை அடிக்கும். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' அழகுதான், ஆனால் அதை நான் இந்த அளவுக்குத் தேடிப் போவதில்லை.

புதியவற்றில் நிலைத்தது கோவிந்த் வசந்தா இசையமைத்த '96' படத்தின் ஆல்பம், 2018இல் வந்தது. அவரும் வயலின்காரர் என்பது 'காதலே காதலே'யில் நன்றாகத் தெரியும். சின்மயியின் குரலுக்காகத்தான் முதலில் அதைக் கேட்டேன். இப்போது குரல் ஓயும் இடங்களில் தந்திகள் என்ன செய்கின்றன என்றுதான் காது போகிறது. இந்தப் பழக்கம் பழைய ஆல்பம் கொடுத்தது. ஆனால் '96'ஐ வரிசையாகக் கேட்பது குறைந்துவிட்டது, பிடித்த மூன்று பாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். ராஜாவின் ஆல்பத்தில் அப்படி நிறுத்த மனம் வருவதில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் வேலைக்கு நடுவே ஓடவிடாமல், இரவில் விளக்கை அணைத்துவிட்டு முதல் டிராக்கிலிருந்து தொடங்குங்கள்.