தானாக அணைந்துபோகும் கேஸ் ஹீட்டர்: லெனேசியாவில் நான்கு குளிர்காலம்

சென்ற வியாழக்கிழமை பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். என் கேஸ் ஹீட்டரைப் பிரித்துப் பார்த்தார், திரும்ப மாட்டினார், 450 ராண்ட் வாங்கிக்கொண்டார். "இதில் ஒரு பழுதும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். இங்கே தென்னாப்பிரிக்காவில், கடற்கரை ஊரான டர்பனிலிருந்து மாற்றலாகி அடுத்த மாதம் ஜோகன்னஸ்பர்க் வருகிற நண்பர் ஒருவர், "அண்ணா, குளிருக்கு எந்த ஹீட்டர் வாங்கலாம்? கையில் பெரிதாகப் பணம் இல்லை" என்று கேட்டிருந்தார். இரண்டு வாரமாகப் பதில் எழுதாமல் இருக்கிறேன். அவருக்கும் இதுதான் பதில்.

டர்பனில் குளிர்காலம் என்றால் மாலையில் ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை அநேகமாக இல்லை. பகலில் நல்ல வெயில், வெறும் சட்டையோடு வாசலில் நிற்கலாம். பொழுது சாய்ந்த அரை மணி நேரத்தில் விரல் விறைக்கத் தொடங்கும். விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. 2023 ஜூலை 10ஆம் தேதி பனியே கொட்டியது. 2012க்குப் பிறகு அப்போதுதான். தெருப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மறந்து ஆடினார்கள். நானும் ஆடினேன். திருச்சி வெயிலில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஆனால் வெளியில் அடிக்கிற குளிரைவிட வீட்டுக்குள் இருக்கிற குளிர்தான் கொடுமை. இங்கே வீடுகளைக் கோடைக்கு மட்டும் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் இருக்கிற லெனேசியா 1950களில், இன வாரியாகக் குடியிருப்பு பிரித்த சட்டத்தின் பேரில் இந்தியர்களை ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு வெளியே தள்ளியபோது எழுந்த ஊர். எங்கள் வீடு எழுபதுகளில் கட்டியது. மெல்லிய ஒற்றைக் கண்ணாடி, இரும்புச் சட்டத்து ஜன்னல். ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே வெறும் காற்றும் பல்லியும். வெப்பக்காப்பு பற்றிய கட்டட விதி 2011இல்தான் வந்தது, அதுவும் புது வீடுகளுக்கு. போதாக்குறைக்கு எங்கள் படுக்கையறை தெற்குப் பார்த்தது. பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து நடக்கிறது. வடக்குப் பார்த்த அறைக்குத்தான் குளிர்கால வெயில் வரும். ஊரில் வாசல் திசை பார்க்கிறவர்கள் வாஸ்துவுக்குப் பார்ப்பார்கள். இங்கே பார்க்காமல் வீடு பிடித்தால் ஜூலையில் பல் கிட்டும்போது தெரியும்.

இங்கே மின்வெட்டைக் கட்டம் கட்டமாக அறிவிப்பார்கள்; எண் கூடக் கூட இருட்டும் கூடும். 2022 ஜூன் கடைசியில் அது ஆறாம் கட்டத்துக்குப் போன வாரத்தில்தான் இந்த ஹீட்டரை வாங்கினேன். மூன்று பீங்கான் தட்டு, முதுகில் 9 கிலோ சிலிண்டரை நிறுத்துகிற வகை. எல்லாக் கடையிலும் இருக்கிறது, விவரம் சொல்லத் தேவையில்லை. முதல் குளிர்காலம் முழுக்க அதைக் கொண்டாடினோம். தெருவே இருட்டில் கிடக்க, எங்கள் கூடத்தில் மட்டும் செக்கச் செவேலென்று மூன்று தட்டும் எரியும். அண்டை வீட்டார் தேநீர்க் கோப்பையோடு வந்து உட்காருவார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் அணைய ஆரம்பித்தது. இரவு எட்டு மணிக்குப் பற்றவைத்தால் பத்து மணிக்கு 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு தட்டு கருத்துவிடும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கனம் இருக்கும். திரும்பப் பற்றவைக்க வேண்டுமானால் குமிழை அழுத்திப் பிடித்தபடி, பொறிப் பொத்தானை நாலைந்து தடவை அமுக்கி, அந்தச் சின்ன நீலச்சுடர் நிலைக்கும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். இத்தனையும் ஐஸ்கட்டி போன்ற தரையோட்டின் மேல் மண்டியிட்டு. கோயிலில்கூட நான் இத்தனை முறை விழுந்து கும்பிட்டதில்லை.

ரெகுலேட்டரை மாற்றினேன். ரப்பர்க் குழாயை மாற்றினேன். சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தேன், ஒரு குமிழியும் வரவில்லை. சிலிண்டர் நிரப்புகிற கடையில் எடை குறைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு வேறு கடைக்கு மாறினேன். 2024இல் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்தது. இந்த ஆண்டு அரை மணி.

இதற்கிடையில் நான் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் பீடபூமியிலும் ஆகஸ்ட் காற்று அப்படித்தான். கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் ஊளையிட்டு நுழையும். அதனால் ஆண்டுக்கு ஓர் அறை என்று இடுக்குகளை அடைத்து வந்தேன். ஜன்னல் சட்டத்துக்கு ஸ்பாஞ்சுப் பட்டை, கண்ணாடிக்குப் பார்சல் சுற்றுகிற குமிழி பிளாஸ்டிக். கதவடிக்குப் பக்கத்து வீட்டு ஆயா துணிப்பாம்பு தைத்துக் கொடுத்தார். டர்பன் பக்கத்து நாத்தால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர்களின் வழி அவர். அவரிடம் மீந்திருக்கிற தமிழ் இருபது சொல் இருக்கும். பழைய பருத்திப் புடவையை நீளவாக்கில் மடித்துத் தைத்து, உள்ளே மணலும் அரிசியும் கலந்து நிரப்பினால் கதவடி சீல் வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், நான்கு ஆண்டில் நான் குளிருக்காகச் செலவழித்த எல்லாவற்றிலும் உருப்படியானது காசு கொடுக்காமல் கிடைத்த இந்தப் பாம்புதான்.

கடைசியாகச் சென்ற ஆண்டு காற்றுச் செங்கலுக்கும் வழி செய்தேன். இங்கத்திய பழைய வீடுகளில் சுவரின் மேற்பகுதியில், சீலிங்கை ஒட்டி, துளையிட்ட செங்கல் ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். அதன் வழியே குளிர் கொட்டுகிறது என்று செய்தித்தாளைத் திணித்துப் பட்டை ஒட்டிவிட்டேன். அன்று இரவு எனக்கு அவ்வளவு பெருமை.

பழுதுபார்ப்பவர் ஹீட்டரை மாட்டி முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒட்டியதைப் பிய்த்து எறிந்தார். பிறகுதான் விளக்கினார். இந்த ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது; நாம் மூச்சுவிடுகிற காற்றைத்தான் அதுவும் தின்கிறது. அந்தச் சின்ன நீலச்சுடர் ஒரு காவல்காரன். காற்றில் இயல்பாக 21 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. அது 18ஐ நெருங்கினால் சுடர் நிலைகொள்ளாமல் தூக்கிக்கொள்ளும், அதைத் தொட்டு நிற்கிற உணர்கம்பி ஆறிப்போகும், வால்வு மூடிவிடும். இந்த உயரத்தில் காற்று எப்படியும் மெல்லியது. கடற்கரையில் இருக்கும் அழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே. பருப்புக்குக் குக்கரில் ஒரு விசில் கூடுதலாக வைப்பது தெரிந்த எனக்கு இது தோன்றவில்லை.

ஆக, நான் எவ்வளவு நன்றாக அடைத்தேனோ அவ்வளவு சீக்கிரம் அது அணைந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நான் மண்டியிட்டுத் திட்டியபோதும் அது எங்கள் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைக் குளிர்காலத்தில் இங்கே பத்திரிகையில் படிக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 'காற்றோட்டம் அவசியம்' என்று ஹீட்டரின் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான்கு ஆண்டாக அந்தக் கையேடு அலமாரியில் பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தது.

சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒப்புக்கொண்ட பிறகும் எரிச்சல் போகவில்லை. ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வைத்துக்கொண்டு குளிர்காய வேண்டுமாம். முந்நூறு ராண்டுக்கு மேல் கொடுத்து நிரப்பிய கேஸில் ஒரு பங்கு தெருவைச் சூடாக்கப் போகிறது. கணக்குப் பாருங்கள்: மூன்று தட்டும் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய 300 கிராம், 9 கிலோ முப்பது மணி நேரம். மாலைக்கு நான்கு மணி நேரம் என்றால் ஒரு வாரம். ஒரே தட்டு என்றால் மூன்று வாரம் வரும், ஆனால் கூடம் முழுக்க எட்டாது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான். அந்த இடம் என் மனைவிக்கு.

இன்னொன்றும் உண்டு, இதை நல்லதில் சேர்ப்பதா கெட்டதில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. கேஸ் எரியும்போது நீராவி வரும். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் வீட்டுக் காற்றில் கலந்துவிடுகிறது. இந்த ஊர்க் குளிர் காய்ந்த குளிர். உதடு வெடிக்கும், குதிகால் பிளக்கும். ஹீட்டர் எரிகிற வாரங்களில் எங்கள் யாருக்கும் உதடு வெடிக்கவில்லை. அதே வாரங்களில் காலையில் ஜன்னல் கண்ணாடி அழுதுகொண்டு நிற்கும். தெற்கு அறை அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்ந்தது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கீசர் கூரைக்குள் படுத்திருக்கிறது. அதற்கு ஒரு போர்வை, சுடுநீர்க் குழாய்க்கு நுரை உறை, வெப்பநிலை 60 பாகையில். அதற்குக் கீழே இறக்க வேண்டாம், நீரில் கிருமி வளரும்.

காருக்கு முக்கியம் பேட்டரி. கோடை வெயிலில் கெட்டுப்போன பேட்டரி குளிர்காலக் காலையில்தான் காட்டிக்கொடுக்கும். நம் ஊரில் சோம்பலாகவாவது இயங்குவது இங்கே ஜூலை விடியலில் 'க்ளிக்' என்று கைவிரிக்கும். நான்கு வயதைத் தாண்டியிருந்தால் மே மாதத்திலேயே சோதித்துவிடுங்கள். பல பேட்டரிக் கடைகளில் காசு வாங்காமல் பார்த்துச் சொல்வார்கள். டயர் காற்றும் குளிரில் இறங்கும். முன் கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடியில் விரிசல் விழுந்துவிடும். இரவே ஒரு பழைய போர்வையை விரித்து வைப்பரின் கீழ் செருகிவிட்டால் போதும். நான் இன்னொன்றும் செய்கிறேன்: காரின் முகத்தைக் கிழக்கே வைத்து நிறுத்துவது. ஏழேகாலுக்கு வெயில் கண்ணாடியில் விழும், பனி தானாக வடியும்.

இனி நண்பருக்கு. தம்பி, கேஸ் ஹீட்டர் வாங்காதே. மின்வெட்டு 2024 மார்ச் கடைசியோடு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. அந்தக் காரணம் இப்போது உனக்கு இல்லை. படுக்கையறைக்குக் கேஸ் கூடவே கூடாது. சுவரில் பொருத்துகிற 400 வாட் மின்தட்டு ஹீட்டரும் நல்ல கம்பளியும் போதும். மிச்சக் காசில் சீலிங்குக்கு மேல் காப்புப் பஞ்சு விரித்துவிடு. வடக்கு வெயில் வருகிற வீடாகப் பார். ஆயாவிடம் சொல்லி உனக்கும் இரண்டு பாம்பு தைத்து வாங்கித் தருகிறேன். ஹீட்டருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதுவும் உயிரோடு இருப்பதால் போட்டது.

என்னுடையதை விலைக்குத் தருவேனா என்று நீ கேட்பாய். தர மாட்டேன். காற்றுச் செங்கல் திறந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அணையவில்லை. நேற்று இரவு மூன்று தட்டும் எரிய, ஜன்னல் ஓர் அங்குலம் திறந்திருக்க, ஆயா வந்து உட்கார்ந்து பத்து மணி வரை கதை பேசினார். சிலிண்டர் இன்றைக்குத் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. பெட்ரோலைப் போலவே வீட்டு எரிவாயுவுக்கும் உச்ச விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். அதற்குள் நிரப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும்.