ஒரு வருசத்துக்கு விக்கேலாது: சியன்னா எடுத்த டீலரைப் பற்றி

கனடாவில ஸ்காபரோப் பக்கம் ஒரு டீலரிட்ட புது டொயோட்டா சியன்னா எடுத்தனாங்கள். வான் நல்ல வான், அதில குறை சொல்ல ஒண்டுமில்லை. நாங்கள் ரெண்டு பேர், பிள்ளையள், அம்மா அப்பா, கோயிலுக்குப் போற நாளில மாமியும் எண்டு ஏழு பேரும் வசதியா இருந்து போகலாம், பெற்றோலும் இந்த அளவு வானுக்கு நம்பேலாத அளவு குறையத்தான் குடிக்குது. 2021 மொடலில இருந்து சியன்னா ஹைபிரிட் மட்டும்தான் வருது, இஞ்ச வாறதெல்லாம் அமெரிக்காவில இந்தியானா தொழிற்சாலையில செய்யிறது, கேக்கிற சனம் கூட வாற வான் குறைய, அதாலதான் உந்த நீண்ட வெயிட்டிங் லிஸ்ட். ஆனா நான் எழுத வந்தது டீலர் கையெழுத்து வாங்கின பேப்பரைப் பற்றி.

வான் எடுக்கப் போன அண்டைக்கு ஃபைனான்ஸ் மனேஜற்ற ரூமில லோன் பேப்பர், இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வொறண்டி எண்டு ஒரு கட்டுப் பேப்பருக்கு நடுவில ஒரு ஒற்றைத் தாள் வந்துது. ஒரு வருசத்துக்கு வானை விக்கக் கூடாது, நாட்டுக்கு வெளியில ஏத்தக் கூடாது, மீறினா பத்தாயிரம் டொலர் டீலருக்குக் கட்டவேணும், அப்பிடி விக்கத்தான் வேணுமெண்டா முதல்ல தங்களிட்டத்தான் கேக்கவேணும். சேல்ஸ்மன் எங்கட பெடியன்தான், "அண்ணை, உது எல்லாருக்கும் குடுக்கிற பேப்பர், ஒண்டும் யோசிக்காதேங்கோ" எண்டார். டிப்போசிட் கட்டேக்க இப்பிடி ஒண்டு இருக்கெண்டு ஒருத்தரும் மூச்சு விடேல்ல.

உள்ளதைச் சொல்லோணும், இந்தக் கட்டுப்பாடு வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன். லிஸ்டில பேரைப் போட்டு எடுத்து அடுத்த கிழமையே மார்க்கெட்பிளேஸில கூட விலைக்குப் போடுற ஆக்களால வீட்டுக்கு உண்மையாவே வான் தேவையான சனம்தான் அடிபடுது. கணக்கைப் பாருங்கோ, 55,000 டொலர் வான் எண்டு வையுங்கோ, 13 வீதம் எச்எஸ்ரி எண்ட விற்பனை வரி 7,150, மொத்தம் 62,150. எடுத்தவர் அதை 67,000க்கு விக்கிறார், அவருக்கு 4,850 லாபம். ஆனா ஒன்ராறியோவில தனியாரிட்ட வாங்கினாலும் பேர் மாத்தேக்க திரும்பவும் 13 வீத வரி கட்டத்தான் வேணும், அது 8,710, ஆக வாங்கினவருக்கு 75,710 போகுது. வரிசையில நிண்டு எடுத்திருக்கக்கூடிய அதே வானுக்கு 13,560 டொலர் கூட! இதையே தொழிலாச் செய்யிறவைக்கு இஞ்ச கேர்ப்சைடர் எண்டுதான் பேர், லைசென்ஸ் இல்லாமல் கார் யாவாரம் செய்யிறது சட்டப்படி குற்றம், ஒன்ராறியோவில கார் யாவாரத்தைக் கண்காணிக்கிற ஒம்விக் அவையளைக் கோட்டுக்கு இழுக்கிறதும் நடக்கிறதுதான். வெளிநாட்டுக்கு ஏத்தினா கார்க் கொம்பனியள் டீலரில தண்டம் போடுறதும் உண்டு. அதால டீலர் பயப்பிடுறதில நியாயம் இருக்கு.

இது இஞ்ச மட்டும் நடக்கிறதுமில்லை. ஜப்பானில 2021இல லாண்ட் குரூசர் 300 வந்தபோது டொயோட்டா டீலர்மார் ஒரு வருசத்துக்கு விக்கமாட்டன் எண்டு எழுதி வாங்கினவை. ஃபோர்ட் ஜிரி காரைச் சொன்ன காலத்துக்கு முதல் வித்ததுக்காக ஜோன் சீனா எண்ட அமெரிக்க மல்யுத்தக்காரருக்கு எதிரா 2017இல ஃபோர்ட் வழக்கே போட்டது, அடுத்த வருசம் சமரசமாப் போச்சுது. டெஸ்லா 2023இல சைபர்ட்ரக் ஒப்பந்தத்தில முதல் வருசம் வித்தா 50,000 அமெரிக்க டொலர் எண்டு போட்டது. ஆனா அதிலயே, எதிர்பாராத காரணத்தால விக்கவேண்டி வந்தா எழுதிக் கேளுங்கோ, ஓடின மைலுக்கு 25 சதம் கழிச்சு நாங்களே திருப்பி எடுக்கலாம் எண்டும் இருந்தது. எங்கட பேப்பரில அந்த மாதிரி ஒரு வரியும் இல்லை. வேலை போனா? ஆரும் வருத்தமாக் கிடந்து அல்பேர்ட்டாவுக்கோ ஊருக்கோ போகவேண்டி வந்தா? மாசக் காசு கட்டேலாமல் விக்கிறவனும் லாபத்துக்கு விக்கிறவனும் ஒண்டா?

இதை நான் மனேஜரிட்டக் கேட்டன். முதல்ல "கொம்பனி ஃபோர்ம், மாத்தேலாது" எண்டார். வானை விட்டிட்டுப் போறன், டிப்போசிட்டைத் தாங்கோ எண்ட பிறகு உள்ளுக்க போய் ஆரோடையோ கதைச்சிட்டு வந்து, வேலை இழப்பு, கடும் நோய், வேற மாகாணத்துக்கு மாறிப் போறது எண்ட மூண்டுக்கும் தண்டம் இல்லை எண்டு ஓரத்தில பேனையால எழுதி, பக்கத்தில தன்ர இனிஷியலும் போட்டுத் தந்தார். அந்தளவுக்கு நன்றி. ஆனா கேட்டவனுக்கு மட்டும் குடுக்கிறது சரியில்லை, அண்டைக்குப் பக்கத்து ரூமில ஒரு வயசான அம்மா மகனோட இருந்தவ, அவவுக்கும் இதே தாள்தான் போயிருக்கும்.

இன்னொண்டு, ஓர்டர் ஃபோர்மில விலையும் டெலிவரி நாளும் "மாறலாம்" எண்டு கிடக்கு. எங்களுக்கு விலை மாறேல்ல, அது அவையின்ர நல்ல குணம், ஆனா எழுத்தில எங்களை ஒரு வருசம் கட்டிப் போடுறவை தங்களை ஒரு நாளுக்கும் கட்டேல்ல. ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டாத்தான் அது ஒப்பந்தம்.

வாங்கப் போற ஆக்கள் டிப்போசிட் கட்ட முதலே அந்தப் பேப்பரை ஈமெயிலில அனுப்பச் சொல்லிக் கேளுங்கோ. இஞ்ச டீலரிட்ட கார் வாங்கினா கையெழுத்து வைச்ச பிறகு மனம் மாறித் திருப்பிக் குடுக்கிற சட்டம் இல்லை, கனபேர் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். எத்தினை மாசம், எவ்வளவு காசு, எந்தக் காரணத்துக்கு விலக்கு எண்டதை வாயால சொன்னா விடாதேங்கோ, எழுதச் சொல்லுங்கோ, கொப்பி ஒண்டையும் கையோட வாங்குங்கோ.

வானுக்கு அஞ்சுக்கு அஞ்சு, டீலருக்கு மூண்டு. சேவிசுக்கு அங்கதான் போறன், கவுண்டரில நிக்கிற ஆக்கள் நேர்மையான ஆக்கள், தேவையில்லாததை மாத்தச் சொல்லமாட்டினம். ஆனா மனிசிக்கு எடுக்கிற அடுத்த காருக்குப் பேப்பரை முதலே காட்டாட்டி வேற டீலரிட்டத்தான் போவன்.